வண்ணமும் பரிந்துரையும்: ஒரு சிறு வரலாறு

நிரல் எழுதும் மாணவர்க்கு வண்ணம் வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். அதன் வேரோ அகராதிப் பணியில் உள்ளது. 1985-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக் கௌலிஷா, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினியேற்றும் பணிக்காக 'லெக்ஸ்' எனும் தொகுப்பானை உருவாக்கினார். உரையின் கூறுகளை நிறத்தால் வேறுபடுத்திய முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. 'ரெக்ஸ்' எனும் குறுநிரல் மொழியைப் படைத்தவரும் அவரே. பின்னர் 1997-இல் விஷுவல் பேசிக் 5, செயற்கூறின் அளபுருக்களைத் தானே எடுத்துக்காட்டியது.

இவ்விரண்டையும் நான் ஒன்றெனக் கருதேன். வண்ணமிட எழுத்தின் வடிவமே போதும். அளபுருவைப் பரிந்துரைக்கவோ மாறியின் வகை தெரிய வேண்டும். பைத்தானில் அது நிரல் ஓடும்போதே உறுதியாகும். 2015-இல் பைத்தான் 3.5 வகைக்குறிப்புகளுக்கு வழிவகுத்தபின் தொகுப்பானின் ஊகம் எளிதாயிற்று.

ஆகவே, நிறம் பிறழ்ந்தால் மூடாத மேற்கோள்குறியைத் தேடுக. பரிந்துரை வராவிடில் வகையைக் குறித்திடுக என்பதே மாணவர்க்கு நான் கூறுவது.