பெண்டிகோவின் டிராகன்

திருவிழாப் பைத்தியம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. நேரில் பார்க்க வாய்க்காத திருவிழாக்களைப் புத்தகத்திலாவது படித்துத் திருப்தி அடைவேன். அப்படிப் படித்தவற்றில் இன்னும் மனத்தை விட்டு அகலாதது, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோ நகரின் ஈஸ்டர் திருவிழா.

பெண்டிகோ, தங்கம் உண்டாக்கிய ஊர். 1851-இல் அங்கே தங்கம் அகப்பட்டது. தங்கம் என்ற சொல் சீன தேசத்துக்கும் எட்டாமல் இருக்குமா? தென்சீனத்துக் குடியானவர்கள் கடன் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்கு அது பொறுக்கவில்லை. சீனரை விரட்டியடிப்பது பற்றி 1854-இல் பெண்டிகோவிலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள். மறு வருஷம் விக்டோரியா அரசாங்கம் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுன் வரி விதித்தது.

கப்பல்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து தங்க வயல்களுக்குச் சுமார் 400 கிலோமீட்டர். தோளில் கழி, கழியின் இரு முனையிலும் மூட்டை. வரிசை வரிசையாக நடந்தே போனார்கள்.

அப்படி வந்தவர்கள்தாம் அந்த ஊர்த் திருவிழாவுக்கே அழகு செய்தார்கள் என்பதுதான் விநோதம். ஆஸ்பத்திரிக்கும் ஆதரவற்றோர் விடுதிக்கும் பணம் திரட்ட 1871-இல் ஈஸ்டர் விழா தொடங்கியது. சில ஆண்டுகளில் சீனர்களும் பட்டாடை, கொடி, முரசு, சேகண்டியோடு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். தங்களை வேண்டாம் என்ற ஊரின் நோயாளிகளுக்காக! ஒரு டிராகனையே சீனத்திலிருந்து தருவித்தார்கள். அதன் பெயர் லூங். சீன மொழியில் அதற்குப் பொருளும் டிராகன்தான். வெடிச் சத்தத்தில் விழித்தெழுந்து, அடியில் வரிசையாக நின்று சுமப்பவர்களின் கால்களே தன் கால்களாக, தெருவில் நெளிந்து போகும்.

1901-ஆம் ஆண்டுச் சம்பவத்தைக் கதையில் எழுதினால் மிகையென்று தள்ளிவிடுவீர்கள். ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒன்றாக இணைந்து, மே மாதம் மெல்பர்னில் முதல் பார்லிமெண்டு திறக்கப்பட்டது. அந்தக் கொண்டாட்டத்துக்கு லூங்கும் பெண்டிகோவிலிருந்து போயிற்று. தலைநகரமே வேடிக்கை பார்த்தது. டிசம்பரில் அதே பார்லிமெண்டு குடியேற்றத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. டிராகன் வேண்டியிருந்தது; அதைச் சுமந்தவனின் தம்பி வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தில் ‘சீனன்’ என்ற சொல்லே கிடையாது. அதிகாரி சொல்லச் சொல்ல ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்! 1934-இல் எகோன் கிஷ் என்ற செக் எழுத்தாளருக்குப் பல மொழிகள் தெரிந்திருந்ததால், ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். எழுத்தாளன் என்ற முறையில் இதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் மனைவியை அழைத்துவர முடியாமல் கிழவனாகிப் போன சுரங்கக்காரனை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை 1958-இல் ஒழிந்தது. அதற்குள் சீனர் தொகை தேய்ந்து போயிருந்தது. திருவிழாவும் லூங்கும் மட்டும் தேயவில்லை. 1970-இல் லூங்குக்கு ஓய்வு கொடுத்து, சுமார் 100 மீட்டர் நீளமுள்ள சன் லூங்கை இறக்கினார்கள். 2019-இல் அதைவிடவும் நீளமான டாய் கம் லூங் வந்தது. கிழட்டு லூங் இப்போது பெண்டிகோவின் பொருட்காட்சிசாலையில், பட்டு நைந்து, ஊர்வலத்துக்குப் போகாமல் இருக்கிறது.