இந்தியாவில் இலவசச் சட்ட உதவி

வழக்காட வசதியற்றவர்களுக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் கிடைத்த சலுகை மிகக் குறைவு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஏழைகளுக்கு நீதிமன்றக் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்தது. வாதாட வழக்கறிஞரைத் தரவில்லை. அந்தக் குறையைத் தன்னார்வலர்களே ஓரளவு நிரப்பினர். 1924-இல் பம்பாயில் தோன்றிய சட்ட உதவிச் சங்கம் இம்முயற்சிகளில் முன்னோடி.

விடுதலைக்குப் பின்னரும் சட்ட உதவி வழக்கறிஞர்களின் இரக்கத்தையே நம்பியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான குழு 1973-இல் அளித்த அறிக்கை, சட்ட உதவி அரசின் கடமை என வலியுறுத்தியது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அரசமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்து அக்கடமையை எழுத்தில் பதித்தது.

1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு திருப்பத்தை ஏற்படுத்தியது. பீகார் சிறைகளில் பலர், தங்கள் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே அடைபட்டிருந்தனர். வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஏழைக்கு இலவச வழக்கறிஞர் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் அறிவித்தது. கைதி கேட்கவில்லை என்பதற்காக அவ்வுரிமையை மறுக்கக்கூடாது என 1986-இல் சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பானது.

1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில, மாவட்ட, வட்ட அளவுகளில் அமைப்புகள் உருவாயின. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் உள்ளிட்டோர் வருமான வரம்பின்றி உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வழக்கறிஞருக்கான கட்டணத்தை ஆணையமே ஏற்கிறது.