பாசறையும் உறைவிடத் தேர்வும்: முல்லைப்பாட்டை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பத்துப்பாட்டுள் அடியளவால் மிகச் சிறியது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. 103 அடிகளைக் கொண்ட இப்பாட்டில் ஏறத்தாழப் பாதி, தலைவன் தங்கியுள்ள பாசறையைப் பற்றியது. ஆயினும் வகுப்பறைகளிலும் எளிய உரைகளிலும் அப்பகுதி பெரும்பாலும் ஒரே சொல்லால் கடக்கப்படுகிறது. வீரர் தங்குமிடமும் கூடாரம். அரசன் பள்ளியும் கூடாரம். பாசறை என்பதே கூடாரங்களின் தொகுதி. இவ்வாறு பொருள் கொள்ளும்போது, புலவர் வேறுவேறு சொற்களால் பிரித்துக் காட்டிய உறைவிடங்கள் ஒரே நிறம் பெற்றுவிடுகின்றன. ஒரு பாசறைக்குள் யாருக்கு, எவ்வளவு காலத்திற்கு, எந்தப் பருவத்தில், எப்பொருளால் ஆன உறைவிடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பினால் பாட்டின் சில இடங்கள் வேறுவகையில் விளங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பருவமும் பாசறையும்

தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையின் துறைகளைக் கூறுமிடத்துக் கூதிர்ப்பாசறை, வேனிற்பாசறை என இரண்டைச் சுட்டுகிறது. இதனை உரையாசிரியர்கள் பெரிதும் அரசனின் மனவுறுதி பற்றியதாகவே விளக்குவர்: மனைவியை நாடும் பருவத்திலும் போர்மேற் கொண்ட காதலால் பாசறையிலேயே தங்குதல். அவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும் இப்பாகுபாட்டுக்கு ஒரு நடைமுறை அடிப்படையும் உண்டு. குளிரிலும் மழையிலும் தங்கும் பாசறையும் வெயிலில் தங்கும் பாசறையும் ஒரே வகையில் அமைய இயலாது. உரோமப் படையினரும் கோடைத் தங்கலையும் குளிர்காலத் தங்கலையும் இரு தனிப்பெயர்களால் வழங்கினர். கோடையில் எட்டுப் பேருக்கு ஒன்றாகப் பத்தடிச் சதுரத் தோற்கூடாரம். குளிர்காலத்திலோ மரத்தாலும் பின்னர்க் கல்லாலும் ஆன நிலையான இருப்பிடம். இலத்தீன் மொழியில் ‘தோல்களின் கீழ் இருத்தல்’ என்பதே போர்க்களத்தில் இருத்தலைக் குறிக்கும் வழக்காயிற்று. பிரித்தானியாவின் விண்டோலாந்தா அகழாய்வில் கிடைத்த தோற்பகுதிகள் அக்கூடாரத்தின் வடிவை மீட்டுருவாக்கத் துணை செய்தன.

தமிழ்நிலத்துப் பாசறையில் தோற்கூரைக்குச் சான்று காண்பதற்கில்லை. இங்கே நாம் காண்பவை தழையும் துணியும். இவ்விரண்டின் இயல்பையும் அறிந்தால்தான் முல்லைப்பாட்டின் சொற்றேர்வு விளங்கும். பருத்தித்துணி நனைந்தால் இழை பருத்து இடைவெளி அடைபடும். ஓரளவு மழையைத் தாங்கும். ஆனால் உள்ளிருப்போர் தோளோ தலையோ அதில் உராய்ந்தால் அவ்விடத்தில் நீர் கசியத் தொடங்கும். நாராலும் நூலாலும் திரித்த கயிறு நனைந்தால் சுருங்கும். இரவில் தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும். நனைந்த துணியின் சுமையோ மிகுதி. ஆகவே கார்காலத்தில் ஓரிடத்திலேயே நெடுநாள் தங்குவோருக்குத் துணி ஏற்றதன்று. சரிவாக வேய்ந்த தழைக்கூரையே ஏற்றது. பாசறை கலையும்போது அதனை அங்கேயே விட்டுச் செல்லலாம்.

காடு தந்த கூரையும் மதிலும்

முல்லைப்பாட்டின் பாசறை காட்டாற்றின் பக்கத்தே அமைகிறது. முதலில் பிடவமும் பிற பசுந்தூறுகளும் வெட்டி அகற்றப்படுகின்றன. வேட்டுவரின் சிற்றரண்கள் அழிக்கப்படுகின்றன. பின்னர்க் காட்டு முள்ளால் வேலி வளைக்கப்படுகிறது. அதன்பின்பே தழை வேய்ந்த கூரைகள் வரிசையாக நிற்கும் தெருக்கள் காட்டப்படுகின்றன. இந்த வைப்புமுறை கவனத்திற்குரியது. வெட்டி எறிந்த தூறே வேலிக்கு முள்ளையும் கூரைக்குத் தழையையும் தந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. தூக்கி வந்த பொருள் ஏதுமின்றியே பாசறையின் வெளிப்புறமும் பெரும்பகுதி உறைவிடமும் எழுந்துவிடுகின்றன.

இதனைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் பாசறை அமைப்பிற்குக் கூறும் விதிகளோடு ஒப்பிடலாம். அந்நூலின் பத்தாம் அதிகரணம் வட்டமாகவோ நீளமாகவோ சதுரமாகவோ, நிலத்துக்கேற்பவோ பாசறை அமையலாம் என்கிறது. நான்கு வாயில், ஆறு பாதை, ஒன்பது பிரிவு. நடுவிற்கு வடக்கே நூறு வில் நீளமும் அதிற்பாதி அகலமும் கொண்ட அரசனிருப்பு. அகழியும் மண்மதிலும் அச்சம் உள்ளபோதும் நிலைத்துத் தங்கும்போதும் வேண்டும் என அது பிரித்துரைப்பது, தங்கும் காலத்தையும் இடரையும் நோக்கியே அமைப்பைத் தேர்ந்தெடுத்தனர் என்பதைக் காட்டுகிறது. முல்லைப்பாட்டில் அகழி பேசப்படவில்லை. முள்வேலி மட்டுமே பேசப்படுகிறது. ஆனால் தெருவும், தெருக்கள் கூடும் சந்தியும், சந்தியில் காவலாக நிற்கும் மதயானையும் உள்ளன. நூல்பிடித்து அளந்த வடநூற் சட்டகம் ஒன்று. காட்டைத் திருத்தி அவ்விடத்துப் பொருளாலேயே எழுப்பிய ஊர் மற்றொன்று. இரண்டாவதை முதலாவதன் எளிய நகலாகக் காண்பது பொருந்தாது.

வில், கயிறு, முக்கோல்

அடுத்து வரும் பகுதியே உரைச்சிக்கல் மிக்கது. காவியுடை உடுத்த அந்தணன் தன் முக்கோலில் உடையை இட்டுவைத்த தோற்றம் உவமையாகிறது. ஊன்றிய விற்களும் அவற்றில் தொங்கவிட்ட அம்பறாத்தூணிகளும் பொருளாகின்றன. அதனையடுத்து, கால் நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிய இருக்கை கூறப்படுகிறது. விற்களே அவ்விருக்கையின் கால்களா, அல்லது விற்கள் வேறு, கால்கள் வேறா?

விற்களே கால்கள் என்று கொள்வோர்க்கு உவமை துணை செய்வதுபோலத் தோன்றும். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. இரவில் பகைவர் புகுந்தால் வீரன் முதலில் எடுக்க வேண்டியது வில். அதனை எடுக்கத் தன் கூரையையே பிடுங்கவேண்டிய நிலையை எந்தப் படையும் விரும்பாது. கயிற்றின் இழுப்பில் பல நாள் நிற்கும் வில்லின் வளைவும் கெடும். 19ஆம் நூற்றாண்டுப் படைகளில் துப்பாக்கிகளை மூன்று மூன்றாகச் சாய்த்துக் கூடாரங்களின் முன்னே நிறுத்தும் வழக்கம் இருந்தது. கூடாரத்திலிருந்து வெளிப்படுபவன் கைக்கு அது உடனே எட்டும். மூன்று கோல்கள் ஒன்றாய் நிற்கும் முக்கோலைப் புலவர் உவமையாக்கியதும் இத்தகைய காட்சியைக் கண்டே என்று கொண்டால், வில் வாசலில் நிற்கிறது. கூரை தனக்கென உரிய காலில் நிற்கிறது. தூணி தொங்குவதும் அப்போதுதான் பொருள்படும்: மழையில் நனைந்த மண்ணில் படாமல் அம்பைக் காக்கும் ஏற்பாடு அது.

கயிறு இழுத்துக் கட்டிய இருக்கை தழைக்குடிலினின்று வேறானது. தழைக்கூரைக்கு இழுகயிறு வேண்டா. துணிக்கும் பாய்க்குமே அது வேண்டும். அப்படியானால் ஒரே பாசறையில் தழைத்தெருவில் நிலைத்துத் தங்குவோரும், இழுகயிற்றுக் கூரையில் எழுந்து செல்லும் நிலையில் தங்குவோரும் இருந்தனர். முன்னணியில் நிற்கும் வில்லோர்க்கு விரைவில் கட்டவும் அவிழ்க்கவும் கூடியது தேவைப்பட்டிருக்கலாம். பாட்டு இதனை வெளிப்படக் கூறவில்லை; ஆனால் விற்களையும் கயிற்றிருக்கையையும் ஒரே தொடரில் வைத்தது தற்செயலானது என்று தோன்றவில்லை.

கண்டமும் எழினியும்

பல்வேறு பெரும்படைகளின் நடுவே, தனித்து, அரசனிருப்பு வருகிறது. அதற்கு முன்பாகக் குந்தங்கள் குத்தப்பட்டு, கிடுகுகள் நிரல்பட நிறுத்தப்பட்டு ஓர் அரண் அமைகிறது. கிடுகு என்னும் சொல் கேடகத்தையும் பின்னிய தென்னோலையையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கவும் கூரை வேயவும் கிடுகு பயன்பட்டு வந்தது. போர்க்கருவிக்கும் வீட்டுச் சுவருக்கும் ஒரே பெயர் அமைந்ததன் வரலாறு தனியே ஆராயத்தக்கது. இங்குக் கருவியே சுவராகிறது என்பது மட்டும் போதும்.

அவ்வரணுக்குள் நெடிய கோல்களோடு கூடிய கண்டம் வளைக்கப்படுகிறது. கண்டம் என்பதைப் பழைய உரை திரையாகவே கொள்கிறது. துண்டுகளை இணைத்த மறைப்பு என்னும் பொருள் அச்சொல்லுக்கு இயைபுடையது. அதற்கும் உள்ளே, உறுதியான கயிற்றில் கட்டிய எழினியால் பிரிக்கப்பட்ட ஈரறைப் பள்ளி. ஆக, வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல முள், கேடகம், கோலில் நின்ற திரை, கயிற்றில் தொங்கும் திரை என மறைப்பு மென்மையாகிக்கொண்டே வருகிறது. நடுவிலுள்ளவனைக் காப்பது துணியன்று. துணி காப்பது தனிமையை மட்டுமே. அதனால்தான் திரையின் அருகே சொல்லாடத் தெரியாத மிலேச்சர் நிறுத்தப்படுகின்றனர்: அவர்கள் பேசமாட்டார், உடம்பாலும் கையாலும் குறிப்புக் காட்டுவர். துணிச்சுவர் ஒலியைத் தடுக்காது என்பதை உணர்ந்த ஏற்பாடாகவே இதனைக் காண்கிறேன்.

அரசனிருப்பை யவனரோடு தொடர்புபடுத்திப் பாட்டு பேசுவதால், கூடாரக் கலையே யவனர் கொடை என்று முடிவுகட்ட விரைவோர் உளர். பாட்டில் யவனரோடு இணைந்து வருபவை புலிச்சங்கிலியும் விளக்கும் புனைவும். கோலும் கயிறும் திரையும் யவனர் பெயரைச் சாராமலேயே முன்னர்க் கூறப்பட்டுவிட்டன. தோலின்கீழ் உறங்கிப் பழகிய நாட்டினர் துணித்திரையைக் கற்பித்தனர் என்பதற்குப் பாட்டில் இடமில்லை.

சிறிது பிற்காலத்து ஒப்புமை ஒன்று இங்கு உதவும். அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அக்பரின் பயணக்கூடாரங்கள் வகைவகையாக விவரிக்கப்படுகின்றன: பேரவைக்குரியது, இருமாடியுடையது, மரச்சட்டத்தில் அமைந்தது, சுற்றுமறைப்பு மட்டுமானது எனப் பல. ஒரு தங்கலுக்குரிய பொருள்களைச் சுமக்க 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமையாள் வேண்டும் என்கிறது அந்நூல். ஒரு தொகுதி நிற்கும்போதே மற்றொரு தொகுதி அடுத்த தங்கலுக்கு முன்சென்றுவிடும். அங்கே பயணமே ஆட்சி. எனவே அரண்மனை முழுவதும் துணியில் மடிந்து செல்கிறது. முல்லைப்பாட்டின் அரசனோ ஆட்சியைப் பாசறைக்குக் கொண்டுவரவில்லை. எடுத்து வந்தது கோலும் கயிறும் திரையும் விளக்கும். மற்றவற்றைக் காடு தந்தது.

கூரையை விட்டு வெளியே

கூதிர்ப்பாசறைக்குச் சிறந்த இலக்கியமாக நாம் கொள்ளும் நக்கீரரின் நெடுநல்வாடையில் இதற்கு நேர்மாறான காட்சி அமைகிறது. 188 அடிகளில் அரண்மனை நூல் பிடித்து அளந்து கட்டப்படுவது விரிவாகப் பேசப்படுகிறது. தலைவியின் கட்டில், அதன் மேலே ஓவியம் தீட்டிய மேல்விரிப்பு யாவும் வருணிக்கப்படுகின்றன. பாசறைக்கு வந்ததும் உறைவிடமே மறைந்துவிடுகிறது. நள்ளிரவில் வாடைக்காற்றில் விளக்கின் சுடர் சாய்கிறது; சேணம் களையாத குதிரைகள் சேற்றுத்தெருவில் மழைத்துளியை உதறுகின்றன; வேப்பந்தழை சூடிய வேலோடு முன்செல்பவன் புண்பட்டோரைக் காட்ட, வெண்குடை நிழலில் அரசன் நடக்கிறான். அவனுக்குக் கூரை அந்தக் குடை மட்டுமே. அத்தகைய பாசறையில் அரசனுக்கும் ஒரு பள்ளி இருந்திருக்கும். நக்கீரர் அதனைக் கூறாமல் விட்டார். மழையும் குளிரும் மிக்க பருவத்தில் நல்ல உறைவிடத்தை விட்டு வெளியே வருவதே வாகைக்குரிய செயல் என்பதால் அவ்விடுபாடு நேர்ந்தது எனலாம்.

முல்லைப்பாட்டின் அரசன் வெளியே வரவில்லை. நான்கு மறைப்புகளுக்குள், பாசறையிலேயே மிகச் சிறந்த பள்ளியில் இருக்கிறான். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மற்றொரு கையில் தலையைத் தாங்கி, வெட்டுண்ட யானையையும் மாண்ட வீரரையும் அம்பு தைத்துச் செவி சாய்த்து உண்ணாது நிற்கும் குதிரையையும் நினைந்து உறங்காதிருக்கிறான். தழைக்கூரைத் தெருவிலோ கயிற்றிருக்கையிலோ உறங்காதவர் எவரையும் புலவர் காட்டவில்லை. பாசறை முழுவதையும் ‘கூடாரம்’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிட்டால், புலவர் இத்தனை உறைவிடங்களையும் வரிசைப்படுத்தி வந்து இறுதியில் இந்த ஒருவனிடம் நிறுத்தியது புலப்படாமல் போகும்.

தழையும் துணியும் மண்ணில் எஞ்சுவதில்லை. எஞ்சக்கூடியவை கால் நட்ட குழிகளும் அடுப்புச் சாம்பலும் மட்டுமே. தமிழக அகழாய்வுகளில் குழித்தடங்கள் வீட்டுக்குரியவையாகவே பெரும்பாலும் பதிவாகின்றன. ஓரிடத்தில் ஒரு பருவம் மட்டும் தங்கிப் பின் கைவிட்ட தடங்களைத் தனியே இனங்காணும் முயற்சிக்கு, முல்லைப்பாட்டின் இவ்வடிகள் ஒரு வரைபடமாகப் பயன்படக்கூடும்: வெளியே முள்வேலி சென்ற வழி, உள்ளே வரிசைக் குழிகள், நடுவே இடைவெளி விட்டுச் சில ஆழ்ந்த குழிகள்.