ராத்திரி அணைச்ச ஃபிரிட்ஜும் கப்பல்ல வந்த ஐஸும்

எங்க ஊரு பாகூர் கம்யூன்ல ஒரு சின்ன கிராமம். 2001-ல வாங்கின ஒத்தக் கதவு ஃபிரிட்ஜ் ஒண்ணு 2020 வரைக்கும் எங்க வீட்ல ஓடிச்சு. ஓடிச்சுன்னா பகல்ல மட்டும். ராத்திரி பத்து மணியானா அம்மா சுவிட்சை அணைச்சுடுவாங்க. காலையில காபிக்குப் பால் எடுக்கப் போகும்போதுதான் மறுபடி போடுவாங்க. கேட்டா, "ராத்திரில யாருடா தொறக்கப் போறாங்க? சும்மா ஓடி பில்லு ஏறணுமா?"

அம்மா பயத்துல நியாயம் இருக்கு. எங்க சித்தி வீடு தென்பெண்ணைக்கு அந்தாண்ட, கடலூர் மாவட்டம். அங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு, 2016-லேர்ந்து முதல் 100 யூனிட் இலவசம். ஆத்துக்கு இந்தாண்ட புதுச்சேரி. மாசா மாசம் கணக்கு, 100 யூனிட்டுக்கு ஒரு படி. முதல் படி விலையைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல, 300-ஐத் தாண்டின யூனிட்டுக்கு. ராத்திரி பகலா ஓடற ஒரே சாமான் வீட்ல ஃபிரிட்ஜ்தான், அதனால சந்தேகமும் அது மேலதான்.

2018-ல அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சாங்க. பிரிக்காத குப்பி 2 டிகிரியிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்னு நர்ஸம்மா தெளிவா சொல்லி அனுப்பினாங்க. அன்னிக்கு ராத்திரியும் பத்து மணிக்கு சுவிட்ச் டொக்! அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த ஃபிரிட்ஜ் கணக்குப் பைத்தியம் பிடிச்சுது.

கதை எங்கேயோ தொடங்குது. பாஸ்டன்ல ஃபிரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்துல ஏரி உறைஞ்சா அதை அறுத்துக் கப்பல்ல ஏத்தி வெயில் நாடுகளுக்கு வித்தவர். 1833-ல கல்கத்தாவுக்கு 180 டன் ஏத்தி அனுப்பினார். நாலு மாசக் கடல் பயணம், நடுவுல பூமத்திய ரேகை. கல்கத்தாவுல இறங்கினப்போ ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்துது! சென்னைக்கும் ஐஸ் வந்துது. அதை வைக்க 1842-ல கட்டினதுதான் திருவல்லிக்கேணி கடற்கரை ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம். 1870-களில் சென்னையிலேயே ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் கப்பல் வியாபாரம் படுத்துடுச்சு.

டியூடர் கையில கரண்டு இல்ல, மோட்டார் இல்ல. மரத்தூள் மட்டும்தான். ஐஸ் கட்டியைச் சுத்தி வெப்பம் உள்ள நுழையாம அடைச்சார், அவ்வளவுதான். நம்ம ஃபிரிட்ஜும் அதேதான்ங்க. உள்ள கசியற வெப்பத்தை கம்ப்ரஸர் அள்ளி வெளிய கொட்டுது. ஓட்டைப் படகுல தண்ணி இறைக்கற மாதிரி. கரண்ட் பில்லுங்கறது அந்தக் கசிவோட விலை.

இதை உலகமே ஒரு தடவை மறந்துது. அமெரிக்காவுல கரண்டு மலிவா இருந்த காலத்துல உள்ள இடம் நிறைய வேணும்னு சுவரை மெலிசாக்கி, ஈடுகட்ட மோட்டாரைப் பெருசாக்கினாங்க. 1970-களின் நடுவுல ஒரு சராசரி புது ஃபிரிட்ஜ் வருஷத்துக்கு 1800 யூனிட் அளவுக்குச் சாப்பிட்டுது. வாங்கறவனுக்கு விலை தெரியும், அளவு தெரியும், கலர் தெரியும். எவ்வளவு கரண்டு தின்னும்னு தெரியாது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்து அடிச்சதும் கலிபோர்னியா முழிச்சுக்கிச்சு. ஆர்ட் ரோசன்ஃபெல்ட்ங்கற இயற்பியல்காரர் மாதிரி ஆட்கள் கணக்குப் போட்டுக் காட்ட, இதுக்கு மேல குடிக்கற பெட்டியை விக்கக் கூடாதுன்னு வரம்பு வந்துது. 1987-ல அது நாடு முழுக்க சட்டமாச்சு. 2001 வாக்குல சராசரி 500 யூனிட் பக்கம் இறங்கிடுச்சு, பெட்டி சிறுத்துப் போகாமலேயே. பெரிய மந்திரம் ஒண்ணுமில்ல. நல்ல ஃபோம், நல்ல கதவு, நல்ல கம்ப்ரஸர்.

இங்க நட்சத்திர லேபிள் வந்தது 2006-ல. பனி உறையாத ஃபிராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு அது கட்டாயமானது 2010-ல. எங்க 2001 பெட்டி இதுக்கெல்லாம் முன்னாடி பொறந்தது. நெத்தியில ஒரு நட்சத்திரமும் கிடையாது பாவம்.

2019 மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஃபேன், டிவி எல்லாத்தையும் அணைச்சு, எல்லாரையும் திண்ணைக்கு விரட்டிட்டு மீட்டர் முன்னால உக்காந்தேன். (கிடைச்ச திட்டு தனிக்கதை.) எங்க மீட்டர்ல செவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். ஒரு மணி நேரத்துல எண்ணினது 320. அதாவது ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்கு. ராத்திரி சூடு குறைவுன்னு கழிச்சாலும் நாளுக்கு ரெண்டு யூனிட், மாசத்துக்கு அறுபது!

அப்புறம் பத்து ரூபா நோட்டை வெச்சுக் கதவைச் சாத்தி இழுத்துப் பாத்தேன். வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. கதவோரத்து ரப்பர் செத்துப் போயிருக்கு. மாத்திட்டு, அதே மாதிரி ஒரு மத்தியானம் எண்ணினா 240. அம்மாவோட ராத்திரி சிக்கனத்தையும் அளந்தேன். காலையில சுவிட்ச் போட்டதும், ராத்திரி பூரா உள்ள புகுந்த சூட்டை இறைக்க ரெண்டு மணி நேரம் மூச்சு விடாம ஓடுது. கூட்டிக் கழிச்சா மிச்சம் கால் யூனிட் கூட இல்ல.

"எங்க காலத்துல வில்லியனூர் பானைதான், பில்லா வந்துது?"ன்னு ஆயா கேட்டாங்க. வில்லியனூர் சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடே இருக்கு, அதைக் குறை சொல்ல முடியுமா? ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியான வெப்பத்தைத் தூக்கிட்டுப் போகுது, காசில்லாம. ஆனா ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டற அளவுக்குக் கீழ பானை இறங்காது. நம்ம கடலோரப் புழுக்கத்துல கோடையில அது 25, 26 டிகிரி. குடிக்கற தண்ணிக்கு அமிர்தம். இன்சுலின் குப்பிக்குப் பத்தாது.

2020-ல புதுசு வாங்கினோம். லேபிள்ல வருஷத்துக்கு 190 யூனிட்னு போட்டிருந்துது. கதவைத் தொறக்காம சோதனைக் கூடத்துல அளந்த கணக்கு அது, எங்க வீட்ல கொஞ்சம் கூடத்தான் ஆகுது. முதல் மாச பில்லை அம்மா ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு எழுந்து போன சத்தம் கேட்டுது. டொக்! எட்டிப் பாத்தேன். அணைஞ்சது சமையக்கட்டு லைட்டு.