கால்வாய் அடைப்பா? விளக்கு எரியவில்லையா? யாரிடம் புகார் செய்வது?

குடியிருப்புப் பிரச்சனைகளை எந்த அலுவலகத்தில் சொல்வது என்பதே நம்மவர் பலருக்குக் குழப்பம்.

தாமான்களில்: குப்பை, கால்வாய், புதர், உட்சாலை எல்லாம் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஈப்போவில் அது மாநகர் மன்றம். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தைப் பேரா ஏற்காததால், குப்பை அள்ளுவதும் மன்றமே. தண்ணீருக்கு லெம்பாகா ஆயர் பேரா. நிலப் பட்டாவுக்கு நில அலுவலகம்.

தோட்டங்களில்: தோட்டம் தனியார் நிலம். வேலையில் உள்ளவர்களின் வீடு, குடிநீர் போன்ற வசதிகளுக்கு 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி நிர்வாகமே பொறுப்பு. நிர்வாகம் கவனிக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். தோட்டம் கைமாறிய பிறகும் பழைய லயங்களில் குடியிருப்போர், நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் 'சாரியான்' செய்து முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் மனு கொடுத்தால் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

மன்ற உறுப்பினர்கள்: ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நமக்கு ஓட்டு இல்லை. ஆனாலும், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காத வரை, அதன் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பார்வையாளராக அமர அச்சட்டத்தின் 23ஆவது பிரிவு இடமளிக்கிறது.

கிராமத் தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். முகவரி, தேதி, படத்துடன் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதுவே உங்கள் ஆதாரம்.