கோவளக் குன்றின்மேல் ஒரு மாளிகை

வீட்டைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. இல், மனை, உறையுள், அகம் என்பன அவற்றுட் சில. இவற்றுள் 'அகம்' என்னும் சொல் வீட்டையும் சுட்டும், உள்ளத்தையும் சுட்டும். மனிதன் கட்டும் வீடு அவனது உள்ளத்தின் புறவடிவமே என்பதை இச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. கல்வெட்டும் செப்பேடும் அரசரின் வெற்றிகளை உரைக்கும். ஒரு காலத்து மக்கள் யாரோடு கூடி உண்டனர், எதனைத் தமது எனக் கொண்டனர் என்பதை உரைப்பன வீடுகளே. அவ்வகையில், விழிஞ்ஞத்தை அடுத்த கோவளக் குன்றின்மேல் நிற்கும் ஹால்சியன் மாளிகையின் வரலாறு நாம் அறியத்தக்கது.

விழிஞ்ஞம் ஆய் மன்னரின் பழம்பெருந் துறைமுகம். கடலையே அகழியாகக் கொண்ட இவ்வூர்க் கோட்டையைப் பாண்டியன் நெடுஞ்சடையன் வென்ற செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகின்றது. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சிறு குடைவரைக் கோயிலொன்று இன்றும் இங்கு உண்டு. போருக்காகக் கோட்டை எழுந்த இக்கரையில், 1932-ஆம் ஆண்டில் அமைதிக்காக ஒரு மாளிகை எழுந்தது. திருவிதாங்கூரை 1924 முதல் 1931 வரை ஆண்ட ரீஜண்டு மகாராணி சேது லட்சுமி பாய், ஓவியர் ரவிவர்மாவின் பேத்தி ஆவார். அவருடைய கணவர் ராமவர்ம வலிய கோயில் தம்புரான் தம் குடும்பம் தங்கியிருப்பதற்கென இதனைக் கட்டினார். ஹால்சியன் என்பது கிரேக்கப் பழங்கதையில் வரும் பறவை. அது கூடு கட்டும் நாள்களில் கடல் அலையடங்கிக் கிடக்குமாம். ஆட்சிப் பொறுப்பினின்று விலகிய மறு ஆண்டில் எழுந்த இல்லத்திற்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

நகரத்து அரண்மனையை விட்டு விலகி, உயர்ந்ததோர் இடத்தில், இயற்கைக் காட்சியை நோக்கி ஒரு குடும்பம் தனக்கென மாளிகை அமைத்துக்கொள்வது ஆங்கிலேயர் நாட்டுப்புற மாளிகைகளின் மரபு. எனினும் அம்மாளிகைகளும் தொடக்கத்தில் அவ்வாறு இருந்தவையல்ல. கெண்ட் மாவட்டத்துப் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில், 1341-ஆம் ஆண்டளவில் எழுந்த பெருங்கூடம் ஒன்று உள்ளது. அதன் நடுவே தரையில் அடுப்பு; புகை கூரைவழியே வெளியேறும். நிலக்கிழாரும் அவருடைய ஏவலரும் அந்த ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்டனர். பின்னர்ச் சுவரோடு ஒட்டிய கணப்பும் புகைபோக்கியும் பரவின. தனியறைகள் பெருகின. தலைவர் குடும்பம் அவ்வறைகளுக்குள் சென்று உண்ணத் தொடங்கியது. பெருங்கூடம் நாளடைவில் வெறும் நுழைவுக்கூடமாகச் சுருங்கிற்று. 1590-இல் தொடங்கி 1597-இல் நிறைவுற்ற ஹார்ட்விக் மாளிகையிலோ, சுவரைக் காட்டிலும் கண்ணாடிச் சாளரமே மிகுதி என்று மக்கள் வியந்தனர். வீடு தன் மக்களை ஒருங்கே கூட்டிவைத்த நிலை மாறி, தன் நிலபுலன்களைப் பார்த்து மகிழும் நிலை வந்தது. இம்மரபையே ஆங்கிலேயர் நம் மலைகளுக்கும் கொணர்ந்தனர். ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் வீடு இதற்குச் சான்று.

நம் நாட்டு மாளிகைகளிலும் அத்தகைய பெருங்கூடங்கள் இருந்தன. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று குமரி மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள அரண்மனையின் ஊட்டுப்புரை இரு தளங்களிலுமாக இரண்டாயிரம் பேர் ஒருங்கே உண்ணத்தக்கது என்பர். கேரளத்து நாலுகெட்டு வீடு நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் அமைந்தது. வெளியுலகை நோக்காது தன் உள்ளத்தையே நோக்குவது. தாய்வழிக் கூட்டுக் குடும்பமாகிய தறவாடு, பாகம் பிரிக்கப்படாமல் அதனுள் வாழ்ந்தது. வீடு தனியொருவருக்கு உரியதன்று, குடிக்கு உரியது.

அம்முறையில் நிழலும் இருந்தது, நெருக்கடியும் இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழியால் மனைவி மக்கள் உற்ற துன்பத்தைக் கவிமணி நகைச்சுவையோடு பாடிய மான்மியம் தமிழுலகம் அறிந்ததே. சேது லட்சுமி பாயின் ஆட்சியிலேயே 1925-இல் நாயர் சட்டமும், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் பிறந்தன. கூட்டுச் சொத்தில் அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்ள வழி ஏற்பட்டது. கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறு குடும்பம் தனி வீடு கட்டலாயிற்று. அந்நாட்டு அரசகுடும்பத்தின் ஒரு கிளைக்கெனக் கடலை நோக்கி எழுந்த ஹால்சியன் மாளிகையை, அக்காலமாற்றத்தின் அடையாளமாகவே நாம் காண்கின்றோம். பென்ஸ்ஹர்ஸ்ட் கூடத்திலிருந்து ஹார்ட்விக் சாளரத்திற்குச் செல்ல ஆங்கில நாட்டுக்கு இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. திருவிதாங்கூரிலோ அம்மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது.

ஆயினும் தனி இல்லத்தின் வாழ்வு நெடிதன்று. 1964-இல் மாளிகை கேரள அரசின் கைக்கு மாறியது. பின்னர் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அங்கு ஓட்டல் ஒன்றை அமைத்தார். குன்றின் முடியை மறைக்காமல் சரிவிலேயே அறைகளைப் படிப்படியாகப் பொருத்திய அவருடைய திறம் போற்றத்தக்கது. 2002-இல் ஓட்டல் தனியார் வசமாகியது. மாளிகை யாருக்கு உரியது என்னும் வழக்கும் உடன் எழுந்தது. இங்கிலாந்திலும் வரிச்சுமையால் மாளிகைகள் பல இடிந்தன. எஞ்சியவற்றைக் காக்க 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி கண்டது: மாளிகையைத் தேசிய அறக்கட்டளைக்கு அளித்துவிட்டு, அளித்த குடும்பத்தார் தொடர்ந்து அதிலே வாழலாம். இங்கோ குடும்பமும் இல்லை, முற்றமும் இல்லை, காட்சி மட்டும் விருந்தினருக்கு எஞ்சியது.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாமும் இன்று வீடுகள் கட்டுகின்றோம். ஒவ்வொருவர்க்கும் தனியறை, தனிக் கதவு, அகன்ற சாளரம் வேண்டுமென விழைகின்றோம். அதில் தவறில்லை, உரிமையும் தனிமையும் மனிதனுக்கு வேண்டுவனவே. ஆனால் பெருங்கூடத்தை இழந்த மாளிகையின் கதையையும் முற்றத்தை இழந்த தறவாட்டின் கதையையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போமாக. உற்றாரும் அயலாரும் ஒருங்கே அமர்ந்து உண்ண ஓரிடம் உள்ள வரையில் எந்நாட்டில் கட்டினும் அது நம் அகமே.