கணக்கில் வராத மனைவி: இந்தியாவில் எச்.ஐ.வி. பரவலை அளந்த வரலாறு

தில்லி கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை இந்திய அரசு இலவசமாகத் தொடங்கியபோது, அவற்றுள் இதுவும் ஒன்று. தாம்பரம் சானடோரியம் இன்னொன்று. மருந்து எல்லார்க்கும் போதாது என்பதால் ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டது. குருதியில் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும் மருந்து. ஏனையோர் காத்திருக்க வேண்டும். 350 அணுக்களோடு வந்த ஒருவர் ஆலோசனையும் ஆணுறையும் பெற்றுத் திரும்புவார். வீட்டில் அவருக்காகக் காத்திருந்த துணைவருக்கு அந்தக் கோட்டில் இடமில்லை. கோடு நோயாளியின் உடலை மட்டுமே அளந்தது. அந்த விடுபடல் 2004-இல் நிகழ்ந்ததன்று. அதன் வேர் 1986-இல் இருக்கிறது.

அவ்வாண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது; இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக அறியப்பட்டது அப்போதுதான். துணிவும் உழைப்பும் மிக்க ஆய்வு அது. ஆனால் அரசும் நாளிதழ்களும் அதிலிருந்து கற்ற பாடம் குறுகலானது. நோய் ‘அவர்களிடம்’ இருக்கிறது என்று முடிவாயிற்று. ஆபத்து மிகு பிரிவினர் என்னும் சொல் நிலைபெற்றது. பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர், ஊசிவழிப் போதை மருந்து கொள்வோர் எனப் பட்டியல் நீண்டது. மனைவி என்பது ஒரு பிரிவாகவே கருதப்படவில்லை. 2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களெங்கும் நின்ற ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரத்தை நினைவுகூரலாம். புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்பது அந்த வாக்கியத்தில் கேட்கப்படவில்லை.

கேட்டவர்கள் ஆய்வாளர்கள். கங்காகேட்கரும் உடன் ஆய்வாளர்களும் புணேயின் பால்வினை நோய்ச் சிகிச்சையகங்களில் 1993 முதல் 1996 வரை 916 பெண்களைப் பரிசோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். பாலியல் தொழிலில் என்றுமே ஈடுபடாத 391 பெண்களில் 13.6 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குக் கணவரன்றி வேறு உறவு இல்லை. இவ்வெண்ணை மேற்கோள் காட்டும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவர்கள் ஏற்கெனவே பால்வினை நோய்க் குறியோடு வந்தவர்கள், ஊரிலுள்ள மனைவியர் அனைவருக்குமான விகிதம் அன்று. ஆயினும் ஆய்வின் சாரம் அசைக்க முடியாதது. ஒரு பெண்ணின் ஆபத்தை அவளுடைய நடத்தை தீர்மானிக்கவில்லை. அவள் அறியாத, கேட்கவும் இயலாத இன்னொருவரின் நிலை தீர்மானித்தது. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற அறிவுரை அவளுக்கு எந்தக் காப்பும் தரவில்லை. 1998 முதல் தேசியக் கண்காணிப்பில் கர்ப்பிணிகளின் குருதி சேர்க்கப்பட்டபோது மனைவி கணக்குக்குள் வந்தாள். அங்கும் பொதுமக்களின் மாதிரியாக, தாயாகவே வந்தாள்.

உலக அளவில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது: ஓர் உறவுக்கு எவ்வளவு ஆபத்து? கலிபோர்னியாவில் நான்சி பேடியனின் குழு 1997-இல் தந்த விடை, ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஏறத்தாழ 10,000 உறவுக்கு 9. பிற்காலத் தொகுப்பாய்வு ஒன்று 8 என்றும், பெண்ணிடமிருந்து ஆணுக்கு 4 என்றும் மதிப்பிட்டது. எண்ணைத் தனியே பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றும். மணவாழ்வு ஓர் உறவோடு முடிவதில்லை. ஆண்டுக்கு நூறு உறவு என வைத்து 8 என்ற எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், முதலாண்டில் ஆபத்து ஏறத்தாழ 8 விழுக்காடு. பத்தாண்டில் பாதிக்கும் மேல்.

அந்தச் சராசரியும் ஏமாற்றக்கூடியதே. உகாண்டாவின் ராகாய் மாவட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 415 தம்பதியரைத் தொடர்ந்த ஆய்வு 2000-இல் வெளியாயிற்று. 90 பேருக்குத் துணைவரிடமிருந்து தொற்று வந்தது. ஆனால் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,500-க்கும் குறைவான வைரஸ் படிகள் இருந்தவர்களிடமிருந்து ஒருவருக்குக்கூட வரவில்லை. வைரஸ் அளவு பத்து மடங்கு கூடுந்தோறும் ஆபத்து இரண்டரை மடங்கு போல் கூடிற்று. ஆபத்து மனிதப் பிரிவிலும் இல்லை, உறவின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. மாறிக்கொண்டே இருக்கும், மருந்தால் மாற்றக்கூடிய ஓர் அளவில் இருந்தது.

சட்டம் இதை உணர நாளாயிற்று. 1998-இல் ‘எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், தொற்றுள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றது. வரப்போகும் மனைவியைக் காப்பதே நோக்கம். அக்கருத்து தேவையற்றது என 2002-இல் அதே நீதிமன்றம் விலக்கிற்று. திருமணத்தைத் தடுக்க முனைந்த அந்த ஆண்டுகளில், ஏற்கெனவே மணமாகியிருந்த பெண்களைப் பற்றி எவரும் இவ்வளவு பரபரப்புக் காட்டவில்லை.

தீர்வுக்கான சான்றில் சென்னைக்கும் புணேவுக்கும் பங்குண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரைக் கொண்டு நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் இவ்விரு நகரத் தம்பதியரும் இருந்தனர். ஒரு பாதியினருக்கு உடனே மருந்து. மறு பாதியினருக்கு சி.டி.4 ஏறத்தாழ 250-க்கு இறங்கிய பின். 2011 மே மாதம் இடைக்கால முடிவு வந்தது. துணைவரிடமிருந்தே வந்தது என மரபணு வழி உறுதியான 28 தொற்றுகளில் 27, காத்திருந்தோர் பிரிவில் நிகழ்ந்தவை. உடனடிச் சிகிச்சை பரவலை 96 விழுக்காடு குறைத்தது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு 2016-இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: வைரஸ் அளவு அடங்கிய ஒருவருடன் ஆணுறையின்றி வாழ்ந்த 548 ஆண்–பெண் தம்பதியரில், துணைவரிடமிருந்து வந்த தொற்று ஒன்றுமில்லை.

காத்திருந்தோர் பிரிவின் நிலை, 2004-இல் லோகியா மருத்துவமனையிலும் தாம்பரத்திலும் எல்லைக்கோட்டுக்கு மேலிருந்தோரின் அன்றாட நிலையேதான். கோட்டை வரைந்தவர்களைக் குற்றம் சாட்டுவது முறையாகாது. மருந்து அரிதாயிருந்தது, சாவின் விளிம்பில் இருந்தோர் வரிசையில் நின்றனர், உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் பரிந்துரைத்தது. ஆனால் அந்த நியாயமான முடிவின் விலையை, முடிவில் குரலற்ற ஒருவர் செலுத்தினார். கோடு 350-க்கும் பின்னர் 500-க்கும் உயர்ந்து, 2017-இல் தொற்றறிந்த அனைவருக்கும் மருந்து என்ற கொள்கையால் அழிந்தது. தொடக்கத்திலிருந்து அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

அதே 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், துணைவருக்குத் தகவல் தருவதற்கான நிபந்தனைகளை வகுத்தது. தகவல் தந்தால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் நிலையில், மருத்துவர் துணைவரிடம் சொல்லலாகாது என்கிறது அதன் ஒன்பதாம் பிரிவு. தொற்று பெரும்பாலும் எத்திசையில் வந்தது என்பதும், முதலில் பரிசோதிக்கப்பட்டுப் பழியேற்றவர் யார் என்பதும் அந்த விதிவிலக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.